டஸ்ட் கலெக்டர் ஓடுது, தூசி மட்டும் போகலையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

மெஷின்களிலிருந்து தூளைப் பைப் வழியே உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டர் சரியாக இழுக்கவில்லை என்றால் சேலத்து மரப்பட்டறைகளில் பழி முதலில் மோட்டார் தலையில்தான் விழும். "ரெண்டு ஹெச்பி பத்தாதுங்ணா, மூணு போட்ரலாம்" என்று யாராவது சொல்வார்கள், அடுத்த வாரமே புது மோட்டார் வந்து இறங்கும். தூசி அதே இடத்தில் கிடக்கும். மோட்டார் நிஜமாகவே சிறிதாக இருந்த பட்டறையை நான் பார்த்தது அபூர்வம். காற்று உள்ளே வரும் வழியிலோ வெளியே போகும் வழியிலோதான் அடைப்பு இருக்கும். எந்தப் பக்கம் என்று முதலில் பிடித்துவிட வேண்டும். காசு செலவழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இது டேபிள் சா, பிளேனர், பேண்ட் சா, ஒரு ரவுட்டர் அல்லது கம்ப்யூட்டர் சொல்படி கடையும் சிஎன்சி என்று நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கானது. பெரிய கதவு ஃபேக்டரிகளின் கணக்கு வேறு.

கையில் முதலில் ஒரு ட்யூப்

கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் ஒன்றரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் யூ வடிவத்தில் வளைத்து அடித்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கலர் தெரிய ஒரு சிட்டிகை குங்குமம் போதும். காற்றை இழுக்கும் விசிறியான ப்ளோவரின் வாய்க்கு ஓரிரண்டு அடி முன்னால், வளைவு இல்லாத நேர் பைப்பில் சின்ன ஓட்டை போட்டு, உள்பக்கப் பிசிறைத் தேய்த்துவிட்டு, ட்யூபின் ஒரு முனையை அதில் செருகுங்கள். மறு முனை திறந்தே இருக்கட்டும். ப்ளோவரை ஓட்டினால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அங்குலத்தில் அளந்து பலகையிலேயே குறியுங்கள். ஃபில்டர் சுத்தமாக, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில், ஒவ்வொரு மெஷினின் கிளைப் பைப்பையும் திறந்து மூடும் தட்டுகளில் (கேட்) வழக்கமாகத் திறக்கும் ஒன்றை மட்டும் திறந்து வைத்து எடுத்த அளவுதான் உங்கள் பட்டறைக்கான அடிக்கோடு.

பின்னால் இழுப்பு குறைந்ததாகத் தோன்றும்போது அதே கேட்டைத் திறந்து பாருங்கள். அளவு அடிக்கோட்டைவிட ஏறியிருந்தால் ப்ளோவருக்கு முன்னால் அடைப்பு: பைப்பில் தூள் நிற்கிறது, கேட் பாதி மூடியிருக்கிறது, துண்டுக் கட்டை ஏதோ மாட்டியிருக்கிறது. அளவு இறங்கியிருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வேறொரு கேட் திறந்து கிடக்கிறது, எங்கோ காற்று கசிகிறது, அல்லது ப்ளோவரே சரியாகச் சுற்றவில்லை. ஃபில்டர் அடைத்தால் அளவு ஏறத்தானே வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ஃபில்டர் இருப்பது ப்ளோவருக்குப் பின்னால். அது அடைத்தால் பைப்பில் காற்றோட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்தால் பைப்பின் உராய்வும் குறைகிறது. அதனால்தான் முன்பக்கத்து அளவு இறங்குகிறது.

ஏற்காட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைவு. அதே ப்ளோவர் கீழே 10 அங்குலம் காட்டினால் மேலே 9-ஐ ஒட்டித்தான் காட்டும். சேலத்து நண்பர் சொன்ன அளவை வைத்துக்கொண்டு உங்கள் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

கவர் கழற்றும் எந்த வேலைக்கும் முன்னால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சை இறக்கி, ப்ளோவருக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் முழுக்க நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அது வெகுநேரம் சுற்றும்.

எல்லா மெஷினிலும் இழுப்பு செத்துவிட்டது

நேற்றுவரை நன்றாக இழுத்தது, இன்று திடீரென்று இல்லை என்றால் மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சிஎன்சி பட்டறையில் பூஜை அறைக் கதவு கடைந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் மெயின் போர்டில் ஒயரிங் வேலை நடந்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து தூள் முழுக்க டேபிள் மேலேயே நின்றது. பையைக் கழற்றி உதறினார்கள், பைப்பைத் தட்டினார்கள். மோட்டாரின் பின்பக்கக் கவர்மேல் ஒட்டியிருந்த அம்புக்குறியை யாரும் பார்க்கவில்லை. மோட்டாரை அணைத்து, குளிர்விக்கும் ஃபேன் நிற்கப்போகும் கடைசிச் சுற்றுகளில் டார்ச் அடித்துப் பார்த்தோம். அம்பு ஒரு பக்கம், ஃபேன் மறு பக்கம்.

இதில் எல்லோரும் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. இந்த வகை ப்ளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று திரும்பி அடிக்காது. அதே திசையில்தான் இழுக்கும், ஆனால் சோகையாக இழுக்கும். சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை ஸ்டார்ட்டரில் இடம் மாற்றினால் சரியாகிவிடும். எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். லைனிலோ போர்டிலோ யார் கை வைத்தாலும், அன்று முதல் ஸ்விட்சைப் போடும் முன் அம்புக்குறியைப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

சுழற்சி சரி என்றால் அடுத்தது ஃபில்டர். இழுப்பு ஒரே நாளில் சாகாமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பையை வெளியே கொண்டுபோய், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு உதறுங்கள். மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ் என்றால் கம்ப்ரஸர் காற்றை வெளியிலிருந்து உள்பக்கமாக, தள்ளி நின்று, குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். உள்ளிருந்து அடித்தால் தூசி மடிப்புக்குள் இன்னும் இறுகும்.

ஒரு மெஷினில் மட்டும் இழுப்பு இல்லை

அந்தக் கிளையின் கேட் காடியில் தூள் இறுகி முழுக்கத் திறக்காமல் நிற்கும். இல்லையென்றால் ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் நீளம். வளையங்கள் உள்ள ஹோஸில் உராய்வு வழுவழுப்பான பைப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மெஷினை நகர்த்த வசதியாக இருக்கட்டும் என்று பத்தடி ஹோஸ் சுருண்டு கிடந்தால், இழுப்பு அந்தச் சுருளிலேயே தீர்ந்துவிடும். இரண்டு மூன்று அடிக்குமேல் விடாதீர்கள்.

சாண்டர் மெஷினை டஸ்ட் கலெக்டரில் மாட்டி, 4 அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைத்து விடுபவர்களும் உண்டு. அது ஆகாது. டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் இழுக்கும் சாதனம், குறுகிய ஹோஸில் அது திணறும். சாண்டருக்கும் கை ரவுட்டருக்கும் வாக்குவம் கிளீனர்தான் சரி. அதுவும் நல்ல ஃபில்டர் உள்ளதாக இருக்க வேண்டும்.

பைப்புக்குள் தூள் தங்குகிறது

பைப்பைத் தட்டினால் 'டொக்' என்று அடைத்த சத்தம் வரும். மரத்தூள் பைப்பில் படியாமல் ஓட காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலப் பைப்பில் 350 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றுதான் போகும், 6 அங்குலத்தில் 785 போகும். இந்த இரண்டு எண்களுக்குள் முக்கால்வாசித் தகராறு அடங்கிவிடுகிறது. மெயின் லைனை 160 மில்லிமீட்டர் பைப்பில் போட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு 110 மில்லிமீட்டர் கிளையை மட்டும் திறந்தால், மெயினில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கித் தூள் உட்கார்ந்துவிடும். பெரிய பைப் போட்டால் பெரிய இழுப்பு என்ற கணக்கு அங்கேதான் உதைக்கிறது. கிளையையும் மெஷினின் வாயையும் 6 அங்குலத்துக்குப் பெரிதாக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மெயினில் வேகம் குறையாமலிருக்க இன்னொரு கேட்டையும் சேர்த்துத் திறந்து வையுங்கள்.

இணைப்புகளையும் பாருங்கள். பிளம்பிங் கடையில் கையில் கிடைக்கும் டீ (T) வடிவ இணைப்பை வாங்கிப் போட்டிருப்பார்கள். 90 டிகிரியில் மோதும் காற்று அந்த இடத்தில் தூளைக் கொட்டிவிடும். 45 டிகிரி ஒய் (Y) வடிவ இணைப்பும் நீள வளைவும் போட வேண்டும். ஒய்யின் கால் வழியே வரும் காற்று ப்ளோவர் இருக்கும் திசையை நோக்கிச் சாய்ந்து மெயினில் நுழைய வேண்டும். தலைகீழாக ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

சைக்ளோன் இருந்தும் தூள் பைக்கே போகிறது

சைக்ளோன் என்பது காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே டிரம்மில் விழவைக்கும் கூம்பு. கோளாறு பெரும்பாலும் அந்த டிரம்மின் மூடியில். சைக்ளோனின் நடுவில் காற்று மேல்நோக்கிச் சுழன்று போகிறது. டிரம்மில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே பாய்ந்து, விழுந்த தூளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ப்ளோவரை ஓட்டி, மூடியைச் சுற்றி ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே கசிவு. பக்கத்தில் தூள் குவியல் எதுவும் இல்லாமல் பெருக்கிவிட்டு, நெருப்பு முனையைத் தள்ளியே பிடித்துப் பாருங்கள். இழுப்பு வழியில் கங்கு விழுந்தால் நேராகத் தூளுக்குப் போகும். அந்தப் பயம் இருந்தால் ஊதுபத்திக்குப் பதிலாக மெல்லிய நூலிழை போதும்.

மூடி சரியாக இருந்தும் அப்படித்தான் என்றால் டிரம் நிறைந்து சைக்ளோனின் கூம்புவரை ஏறியிருக்கும். பிளேனர் ஓடும் நாளில் ஒரு டிரம் நிறைய அதிக நேரம் ஆகாது.

இழுப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் தூசி

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சீவலும் தூளும் தரைக்குத்தான் கேடு. நுரையீரலுக்குப் போவது 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியாத தூசி. அது காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வருவது. மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையைப் பிணைக்கும் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் தரைத் தூசியைக்கூடக் கூட்டி எடுத்து வைப்பார்கள், அதில் வெள்ளி இருக்கிறது. மரத்தூசிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

இருட்டிய பிறகு லைட்டை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்கு எதிரே பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒரு பலகையை அறுக்கச் சொல்லிவிட்டு, தூசிப் புகை எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள். நாலில் மூன்று இடங்களில் டேபிள் சாவின் மேல்பக்கத்திலிருந்துதான் வரும். பிளேடு தூளைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, பல்லோடு சுற்றிவந்து வேலை செய்பவர் முகத்துக்கும் எறிகிறது. மேலே பிளேடை மூடும் கவசமான பிளேடு கார்டும் அதிலிருந்து தனி இழுப்புக் குழாயும் வேண்டும். நம் ஊரில் கார்டு வழக்கமாகச் சுவரில் ஆணியில் தொங்கும். விரலுக்காக மட்டுமல்ல, மூச்சுக்காகவும் அதை இறக்கி மாட்டுங்கள்.

கீழ்ப்பக்கம் இன்னொரு கதை. இங்கே ஆங்கிள் வெல்டிங் செய்து கட்டிய டேபிள் சாக்களின் அடி நாலு பக்கமும் திறந்து கிடக்கும். அதில் 4 அங்குலக் குழாயைச் சும்மா நீட்டி வைத்தால் ஒரு சாண் தள்ளி உள்ள தூளைக்கூட இழுக்காது. பிளைவுட்டில் பெட்டி அடித்து மூடி, அடியைச் சரிவாக்கிக் குழாயிடம் கொண்டுவர வேண்டும். முழுக்கவும் அடைக்கக் கூடாது. காற்று நுழைய எதிர்ப்பக்கம் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் உள்ளே ஓட்டம் இருக்கும்.

அடுத்து அந்த வெள்ளைத் துணிப் பை. மெஷினோடு வரும் மலிவான பை 30 மைக்ரான் வரை உள்ளதைத்தான் பிடிக்கும். அதற்குக் கீழே உள்ளது துணி வழியே வெளியேறி, இழுப்பு வேகத்திலேயே பட்டறை முழுக்கப் பரவும். நல்ல டஸ்ட் கலெக்டர் மோசமான பையோடு ஓடினால் தூசியைப் பரப்பும் மெஷின்தான். ப்ளோவரை ஓட்டிப் பையின்மேல் டார்ச் அடித்தால் ஆவிபோல் எழுவது தெரியும். 1 மைக்ரான் பைக்கு மாறுங்கள்.

அதைவிட நல்ல வழி நம் ஊருக்கு உண்டு. குளிர் நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட்டால் காசு போகும், அதனால் அவர்கள் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறார்கள். சேலத்து வெயிலில் நாம் எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம்? பட்டறைக்கு ஏசி இல்லையென்றால், சைக்ளோனில் தூளைப் பிரித்துவிட்டு மீதிக் காற்றைக் கூரைக்குமேல் குழாய் வைத்து வெளியே விடுங்கள். ஃபில்டர் அடைக்கும் பேச்சே கிடையாது. ஆனால் அம்மாபேட்டை, குகை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் இதைச் செய்தால் பக்கத்து வீட்டு மொட்டை மாடித் துணியெல்லாம் உங்களைத் திட்டும். அங்கே ஃபில்டர்தான். வெளியே விடும்போது போகும் அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். ஷட்டரைச் சாத்திவிட்டு ஓட்டினால் இழுப்பு விழும். சந்தேகமிருந்தால் கதவைத் திறந்து ட்யூபில் அளவு மாறுகிறதா என்று பாருங்கள்.

பழக்கங்களும் காரணம்தான். அறுத்து முடித்ததும் ஸ்விட்சை அணைக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். அறுக்கும்போது ஸ்டாண்ட் ஃபேன் தூசியைக் கலக்கி எடுக்கும், அது எதிர்ச் சன்னலை நோக்கித் தள்ளும்படி இருக்கட்டும். சட்டையைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதிக்கொள்வது வேண்டாம். மூக்கில் துண்டு கட்டினால் நுண்ணிய தூசி நிற்காது.

தேக்கு, ஈட்டி அறுக்கும் நாளில் தும்மலும் தோல் அரிப்பும் வருவது பலருக்குத் தெரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நின்று வெட்டி வரும் சில்வர் ஓக்கும் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். அரிப்பு ஆரம்பித்த ஆள் "பழகிடும்ணா" என்றால் நம்பாதீர்கள். இது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கூடும், குறையாது.

மோட்டார் ட்ரிப் ஆகிறது

இழுக்க முடியாமல் திணறுவதால் ட்ரிப் ஆகிறது என்று நினைப்போம். நேர் எதிர். இந்த ப்ளோவர் எவ்வளவு காற்று நகர்த்துகிறதோ அவ்வளவு ஆம்பியர் எடுக்கும். எல்லா கேட்டும் மூடினால் ஆம்பியர் இறங்கும். பைப்பைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து ஓட்டினால், அல்லது எல்லா கேட்டையும் திறந்து வைத்தால் ஏறும். ஃபில்டரை எடுத்துவிட்டு வெளியே விட ஆரம்பித்த பட்டறைகளில் திடீரென்று ட்ரிப் ஆவதற்கு இதுவே காரணம். ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் அளந்து, மோட்டார்மேல் உள்ள தகட்டில் குறித்த அளவைத் தாண்டினால் ஒரு கேட்டை நிரந்தரமாகக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் ட்ரிப் ஆனால் அது வேறு. சிங்கிள் பேஸ் மோட்டாரை மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினாலும் அதே கதி. இம்பெல்லர் கனமானது, வேகம் பிடிக்க நேரமாகும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஆன், ஆஃப் செய்தால் மோட்டார் சூடேறிக்கொண்டே போகும். மோட்டாரைக் காக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேயைத் திருகி ஏற்றிவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மழை, பனி நாட்களில் ஃபில்டர் அடைக்கிறது

ஏற்காட்டுக்காரர்களின் தலைவலி. பச்சையாக வரும் சில்வர் ஓக்கைப் பிளேனரில் விட்டால் சீவல் ஈரத்தோடு பையில் ஒட்டும். பனி மூட்டத்தில் இரவு முழுக்க நின்ற பையில் தூசி களிபோல் இறுகி, உதறினால் உதிராது. ஈர மரத்தை முடிந்தவரை வெளியே சீவுங்கள், பையை மாலையிலேயே உதறி உள்ளே உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீரில் அலசுவதென்றால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

பைப்பைத் தொட்டால் ஷாக்

பங்குனி, சித்திரை வறட்சியில் பிவிசி பைப்பில் நிலைமின்சாரம் ஏறும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பிளேடுக்குப் பக்கத்தில் கை இருக்கும்போது திடுக்கிட்டால் ஆபத்துதான். ஹோஸுக்குள் உள்ள கம்பியின் இரண்டு முனையையும் உரித்து மெஷின் பாடியோடு இணையுங்கள். மெஷின்களுக்கு எர்த் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

தடதடவென்று ஆட்டம், சத்தம்

உடனே நிறுத்துங்கள். துண்டுக் கட்டை போய் இம்பெல்லர் இறக்கையை வளைத்திருக்கும், அல்லது ஒரு இறக்கையில் மட்டும் ஈரத்தூள் ஒட்டி எடை மாறியிருக்கும். ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங் போகும்.

கருகல் வாசனை

ப்ளோவரை அணையுங்கள், எல்லா கேட்டையும் மூடுங்கள். பையைத் திறந்து பார்க்காதீர்கள். புகையும் தூளுக்குள் திடீரென்று காற்று பட்டு, தூசி மேலே எழும்பினால் பற்றிக்கொள்ளும்.  புகையோ தீயோ தெரிந்தால் ஆட்களோடு வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

மூலகாரணம் பெரும்பாலும் பழைய மரத்தில் இருந்த ஆணியில் பிளேடு உரசிய பொறி, அல்லது வேறு வேலையின் பொறி. கிரைண்டர், வெல்டிங், இரும்பு அறுக்கும் எதையும் மரத்தூள் லைனில் மாட்டவே கூடாது. பழைய வீட்டு உத்திரத்தை அறுக்கும் முன் காந்தம் வைத்துத் தேடுங்கள். பாலிஷ், வார்னிஷ் தேய்த்த தூளும் எண்ணெய்த் துணியும் தானாகவே சூடேறிப் பற்றக்கூடியவை. அந்தத் தூளை இரவு பையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். உத்திரம், டியூப்லைட் மேல் எட்டில் ஒரு அங்குலத்துக்குத் தூசி படிந்திருந்தாலே துடைக்கும் நேரம் வந்துவிட்டது. துடைப்பதென்றால் வாக்குவத்தில், விளக்குமாறால் அல்ல.

டிரம்மில் சேர்ந்த தூளை மரத்தூள் அடுப்புக்காரர்களும் மாட்டுக் கொட்டகைக்காரர்களும் கேட்டு வாங்கிப் போவார்கள். சுத்தமான மரத்தூள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். எம்டிஎஃப், பிளைவுட் தூள் கலந்ததை எரிக்கவும் கொடுக்காதீர்கள், மாட்டுக்குக் கீழே போடவும் கொடுக்காதீர்கள். அவற்றை அறுக்கும் நாளுக்குத் தனி மூட்டை வைத்துக்கொள்ளுங்கள்.